கைப்பேசிப் புகழும் தமிழெழுத்தும்

கைப்பேசியையும் இணையத்தையும் போற்றி நம்மவர் வரையும் கட்டுரைகளில் உற்சாகத்திற்குக் குறைவில்லை. கருவியின் விலையும் வேகமும் பக்கம் பக்கமாய் விரிகின்றன. அதில் எழுதப்படும் மொழியைப் பற்றியோ ஒரு சொல்லுமில்லை! மலேசியராகிய முத்து நெடுமாறனின் செல்லினம் 2005-ஆம் ஆண்டுப் பொங்கலன்றே வெளிவந்துவிட்டது. அக்காலத்துக் குறுஞ்செய்தியொன்றில் ரோமன் எழுத்து 160 அடங்கும். தமிழுக்கோ 70 இடமே, அதிலும் ‘கி’ என்னும் ஓரெழுத்து ஈரிடம் கொள்ளும். ஆதலின் அன்று சிக்கனம் பேசியோரைக் குறைகூறோம். இணையவழிச் செய்திக்கு இன்று அவ்வெல்லை இல்லை. எனினும் சுங்கை பட்டாணித் தோட்டப்புறங்களில் வணக்கமும் ரோமன் எழுத்திலேயே வருகின்றது. ஆங்கிலப் பள்ளியிற் பயின்ற யானும் அப்பிழை புரிந்தவனே. தமிழ் மட்டுமே படிக்கத் தெரிந்த என் தாயார், யான் அனுப்பிய செய்தியை அண்டை வீட்டுச் சிறுவனிடம் காட்டிப் படிக்கச் சொன்னாராம்.