கண்ணாடிக்குள் ஒரு லண்டன்

எட்கர் ரைட் இயக்கத்தில் 2021-ல் வெளியான 'லாஸ்ட் நைட் இன் சோஹோ' படத்தை அதன் கண்ணாடிகளுக்காகவே திரும்பத் திரும்பப் பார்க்கலாம். ஃபேஷன் படிக்க லண்டன் வரும் எலோயிஸ், வாடகை அறையில் கண்ணயர்ந்ததும் 1960-களின் சோஹோவுக்குள் போய்விடுகிறாள். தியேட்டர் முகப்பில் 'தண்டர்பால்' விளம்பரம் மின்னுகிறது. கேளிக்கை விடுதிக் கண்ணாடி முன் நின்றால், பாடகியாகும் ஆசையோடு வந்த சாண்டி தெரிகிறாள்.

இந்த மாயத்தில் பெரும்பகுதி கம்ப்யூட்டர் வேலை அல்ல. விடுதிக்கு வருபவர்களின் மேல்கோட்டுகளை வாங்கி வைக்கும் பணியாளும் கண்ணாடியில் தெரியும் அவர் பிம்பமும் உண்மையில் இரட்டைச் சகோதரர்கள். நடனக் காட்சியில் நடிகர் மாட் ஸ்மித்தின் கைப்பிடியில் சாண்டியாக வரும் அன்யா டெய்லர்-ஜாயும் எலோயிஸாக வரும் தாமசின் மெக்கென்சியும் மாறி மாறி வருகிறார்கள். கேமரா சுழலும் நொடியில் ஒருத்தி விலக, இன்னொருத்தி நுழைகிறாள். அதற்குப் பிடித்திருக்கும் ஒத்திகையை நினைத்தாலே மலைப்பாக இருக்கிறது.

பின்பாதியில் பேய்கள் கொஞ்சம் கூடுதல்தான். ஆனால் ஜன்னல் வழியே சிவப்பும் நீலமுமாக விட்டுவிட்டு எரியும் நியான் ஒளியும், டயானா ரிக்கின் கடைசித் திரைப்பட நடிப்பும் படத்தைத் தாங்கிப் பிடிக்கின்றன. பழைய காலம் பொற்காலம் என்று ஏங்குபவர்களுக்கு, அந்தப் பளபளப்புக்குள் பெண்கள் பட்ட பாட்டையும் சேர்த்தே காட்டுகிறது இந்தப் படம்.