தறியும் தொகுதிச்சங்கிலியும்: மின்னுகர்வு வாதங்கள் குறித்த ஒரு திறனாய்வு

முன்னுரை

தென்காசி மாவட்டத்துச் சங்கரன்கோவில் விசைத்தறி நெசவால் அறியப்பட்ட ஊர். 2023இல் தமிழ்நாடு அரசு விசைத்தறிகளுக்கான கட்டணமில்லா மின்சாரத்தை இரு மாதங்களுக்கு 750 யூனிட்டிலிருந்து 1,000 யூனிட்டாக உயர்த்தியது. அவ்வுதவியின் பயனை நெய்த துணியைக் கொண்டு அளந்துவிடலாம். தொகுதிச்சங்கிலி (பிளாக்செயின்) வலைகளின் மின்னுகர்வு பற்றிய வாதங்களை மதிப்பிடவும் இத்தறியே தக்க அளவுகோலாகிறது.

எதிர்ப்பாளர் கணக்கு

பிட்காயினை எதிர்ப்போர் ஒரு பரிமாற்றத்திற்கு இத்தனை யூனிட் எனக் கணக்கிடுவர். பரிமாற்றம் குறைந்தால் மின்செலவும் குறையும் என்னும் தவறான எண்ணத்தை இக்கணக்கு உண்டாக்குகிறது. உண்மையில் மின்செலவைப் பெரிதும் உந்துவது, புதிய தொகுதியைச் சேர்ப்பவர் பெறும் பரிசின் சந்தை மதிப்பே. தறிகள் இருமடங்கானால் துணியும் இருமடங்காகும். அகழ்பொறிகள் இருமடங்கானாலோ நாணயம் கூடுவதில்லை. 2,016 தொகுதிகளுக்கு ஒருமுறை வலை தன் புதிரின் கடுமையை மாற்றியமைத்து, பத்து நிமிடத்திற்கு ஒரு தொகுதி என்னும் சராசரி வேகத்திற்கே திரும்புகிறது. 2024 ஏப்ரல் முதல் ஒரு தொகுதிக்குரிய புதிய நாணயம் 3.125 மட்டுமே. எனவே திறன்மிகு பொறிகள் வந்தாலும் மின்சேமிப்பு உறுதியில்லை, போட்டியே மிகும்.

ஆதரவாளர் விடை

கூடுதல் மின்செலவு வலையைத் தாக்குவோரின் செலவையும் உயர்த்துகிறது என்பர் ஆதரவாளர். அது உண்மையே. ஆயின், வீணாகும் காற்றாலை மின்சாரத்தை அகழ்தலுக்குத் தரலாம் என்னும் அவர்தம் அடுத்த வாதம் வலுவற்றது. தென்மாவட்டங்களில் காற்று மிகுவது தென்மேற்குப் பருவத்தில். பொறியில் முதலிட்டவரோ அதை ஆண்டு முழுதும் இயக்கவே விரும்புவார். காற்று ஓய்ந்த மாதங்களில் அப்பொறி, தறிக்குரிய மின்சாரத்திற்குப் போட்டியாக நிற்கும்.

மாற்று முறைகள்

2022 செப்டம்பர் 15 அன்று எதிரியம் வலை, உழைப்புச் சான்று முறையைக் கைவிட்டுப் பங்குச் சான்று முறைக்கு மாறியது. அதன் மின்னுகர்வு 99 விழுக்காட்டிற்கும் மேல் குறைந்தது. மின்விரயம் தொகுதிச்சங்கிலியின் இயல்பன்று, இசைவு காணும் முறையின் விளைவு என்பதை இது நிறுவுகிறது. தமிழ்நாடு அரசின் 'நம்பிக்கை இணையம்' போன்ற அரசு வலைகளுக்கும் அகழ்தல் தேவையில்லை. ஆயின் இங்கு வேறொரு வினா எழுகிறது. ஏட்டைக் காக்கும் கணுக்கள் யாவும் ஒரே அதிகாரத்தின் கீழ் இருப்பின், மின்சாரத்தால் வாங்கிய நம்பிக்கை மீண்டும் அலுவலகத்தின் மீதான நம்பிக்கையாகிறது. அந்நிலையில் மின்கையொப்பமிட்ட எளிய தரவுத்தளமே போதாதா என்பதை ஒவ்வொரு திட்டமும் விளக்கியாக வேண்டும்.

முடிவுரை

எத்தனை யூனிட் செலவாகிறது என்பதோடு, அச்செலவால் எது பெருகுகிறது என்றும் கேட்பதே முறையான திறனாய்வு. தறி இவ்வினாவிற்குத் துணியைக் காட்டும். பொது மின்சாரத்தையோ பொதுப் பணத்தையோ நாடும் தொகுதிச்சங்கிலித் திட்டமும் தன் விடையைக் காட்டக் கடமைப்பட்டுள்ளது.