நொக்ஸ் சொன்னதும் லண்டன் வரைந்ததும்

பழைய பயண நூல் ஒன்று கிடைத்தால் முதலில் வாசிக்காதீர்கள், படங்களைப் பாருங்கள். கண்டிப் பக்கத்தில் இருப்பவர்கள் ஆங்கிலேயக் கடலோடி ரொபர்ட் நொக்ஸிலிருந்து தொடங்குவதே சரி. 1660இல் கொட்டியாரக் குடாவில் பிடிபட்டபோது அவருக்கு வயது 19. ஏறக்குறைய அதே அளவு காலம் கண்டி அரசன் இரண்டாம் இராஜசிங்கனின் கைதியாக மலைநாட்டில் இருந்தார். தொப்பி பின்னி விற்றார், நெல்லை வட்டிக்குக் கொடுத்தார். 1679இல் அநுராதபுரக் காடு வழியே அரிப்புக் கோட்டைக்குத் தப்பினார். அவர் நூல் 1681இல் லண்டனில் வந்தது: மடித்து வைத்த வரைபடம் ஒன்று, செப்புத்தகட்டில் செதுக்கி அச்சிட்ட படங்கள் பதினைந்து.

செதுக்கியவர்கள் இலங்கையைக் கண்டதில்லை. ரசனையே அங்கேதான். தாளிப்பனை ஓலையைத் தலைக்கு மேல் பிடித்து நிற்கும் ஆளைப் பாருங்கள். ஓலை நம்முடையது, உடற்கட்டு ஐரோப்பியச் சிலையினுடையது. அரசன் படத்தை, அவனுடைய நாலு மூலைத் தொப்பியையும் அதில் நிமிர்ந்து நிற்கும் இறகையும் நொக்ஸ் வர்ணிக்கும் பத்தியோடு பக்கத்தில் வைத்துப் பாருங்கள். எழுத்து சொன்னது எவ்வளவு, செதுக்கியவர் சேர்த்தது எவ்வளவு என்று பிடிபடும். யானை மனிதனைக் கொல்லும் படத்தைத்தான் எல்லோரும் தேடுகிறார்கள். எனக்கு வயல் படங்களே மேல். எருமை பூட்டிப் பலகை இழுத்துச் சேற்றைச் சமப்படுத்துவது சரியாக வந்திருக்கிறதா என்று தும்பறைப் பள்ளத்தாக்கில் நெல் விதைத்தவர் சொல்லட்டும், அறிஞர் வேண்டாம். நூலில் வரும் லெகுந்தெனியவும் எலதெத்தவும் நிலம்பேயும் பஸ்ஸில் போய்ப் பார்க்கக்கூடிய ஊர்கள்.

அசலா என்று பார்ப்பதும் ஒரு சுகம். செப்புத்தகடு ஈரக் காகிதத்தில் அழுந்திய விளிம்பு, படத்தைச் சுற்றி மெல்லிய பள்ளமாக விரலுக்குத் தட்டும். தாளை வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால் அக்காலக் கைக் காகிதத்தின் கோடுகள் தெரியும். சட்டம் போட்ட தனிப்படம் விற்பனைக்கு வந்தால் சற்று யோசியுங்கள். ஏதோ ஒரு முழு நூலைக் கிழித்திருப்பார்கள். அதை வாங்கினால் அடுத்த நூலும் கிழியும்.

மடுல்கெல்ல போன்ற மலையூரில் இருப்பவருக்கு விலையைவிடப் பெரிய பகை ஈரம். நக்கிள்ஸ் மலை மூட்டம் அலமாரிக்குள்ளும் நுழையும். பழுப்புப் புள்ளி, பூஞ்சணம், பின்னாலேயே இராமபாணப் பூச்சி. வெளிச்சுவரில் அலமாரியைச் சாத்தாதீர்கள், பொலித்தீனில் கட்டி மூடாதீர்கள், வெயில் காயும் நாளில் நிழலில் வைத்து ஏடுகளைப் புரட்டிவிடுங்கள்.

அசலுக்குக் காசில்லையே என்று நிற்க வேண்டாம். எஸ். டி. சபரமாது பதிப்பித்த நொக்ஸ் வாசிக்கப் போதும். பேராதனைப் பல்கலைக்கழக நூலகத்தில் இலங்கை நூல்களுக்கென்றே ஒரு தொகுப்பு இருக்கிறது. அங்கே நூலகராக இருந்த இயன் குணதிலக்க தொகுத்த இலங்கை நூற்பட்டியலை ஒருமுறை புரட்டினால், எதைத் தேடுவது என்ற குழப்பம் தீரும்.

நொக்ஸ் பழகியபின் பால்டேயஸைத் தேடுங்கள். யாழ்ப்பாணத்தில் இருந்த இந்த ஒல்லாந்தப் பாதிரியாரின் நூல் 1672இல் ஆம்ஸ்டர்டாமில் வந்தது. அதில் யாழ்ப்பாணத்துத் தேவாலயங்களும் உண்டு, தமிழ் எழுத்துகளைச் செதுக்கிய தகடும் உண்டு. அரசன் முகம் சரியா என்று நம்மால் சொல்ல முடியாது. ஆனால் தமிழ் எழுத்தில் தமிழறியாத கை எங்கே பிசகியது என்று பார்க்க நமக்கு யார் துணையும் தேவையில்லை.