ஜி ஷார்ப் வருகிற இடம்

'ஆல் ஆஃப் மீ' 1931-இல் வந்த அமெரிக்கப் பாட்டு. ஜாஸ் கிட்டார் கற்பவர்களில் இதை வாசிக்காமல் தாண்டிப் போனவர்கள் குறைவு. ஜாஸ் கேட்டுப் பார்த்து, விரல் வேகத்தைத் தவிர வேறொன்றும் பிடிபடவில்லை என்று சலித்துக்கொள்பவர்களுக்கு நான் முதலில் சொல்வதும் இதைத்தான். பில்லி ஹாலிடே 1941-இல் பாடியதைக் கேளுங்கள். முழுதாகக்கூட வேண்டாம், முதல் 12 பார் போதும்.

சி மேஜரில் வாசிப்பதாக வைத்துக்கொள்வோம். முதல் 2 பார் சி கார்டு. அடுத்த 2 பார் இ செவன்த். சி மேஜரில் இல்லாத ஜி ஷார்ப் இதற்குள் இருக்கிறது. காது நிமிர்வது அதனால்தான். அரை ஸ்வரம் மேலே ஏ இருக்கிறது, ஜி ஷார்ப்புக்கு அங்கே போயாக வேண்டும். ஜி செவன்த் கேட்டதும் சி வரப்போகிறது என்று தெரிவதுபோல, இ செவன்த் கேட்டால் ஏ மைனர் வரும் என்று மனம் தயாராகிவிடுகிறது. வாசலில் செருப்புச் சத்தம் கேட்டதுமே வருவது யாரென்று தெரிந்துவிடுமே, அந்த மாதிரி. பாட்டின் மூலக் கார்டை விட்டுவிட்டு, நடுவிலிருக்கும் வேறொரு கார்டுக்கு இப்படிக் கட்டியம் கூறுகிற செவன்த் கார்டைத்தான் செகண்டரி டாமினன்ட் என்கிறார்கள்.

ஆனால் 5-ஆவது பாரில் ஏ மைனர் வருவதில்லை. வருவது ஏ செவன்த். அதுவும் ஒரு கட்டியம்தான். அதிலுள்ள சி ஷார்ப் டி மைனரைக் கூப்பிடுகிறது. 7-ஆவது பாரில் டி மைனர் வந்த பிறகுதான் மூச்சு விடுகிறோம். 9-ஆவது பாரில் மறுபடி அதே இ செவன்த். இந்தத் தடவை ஏமாற்றம் இல்லை, 11-ஆவது பாரில் ஏ மைனர் வந்தேவிடுகிறது. ஒரே கார்டு முதலில் போக்குக் காட்டி, பிறகு சொன்ன சொல்லைக் காப்பாற்றுவதைக் கேட்டுவிட்டால், இந்தப் பாட்டு வேறு பாட்டாகிவிடும்.

கிட்டார் வைத்திருப்பவர்கள் இதைக் கண்ணாலும் பார்க்கலாம். நான்காவது, மூன்றாவது கம்பிகள் மட்டும் போதும். இ செவன்த்துக்கு 6-ஆவது, 7-ஆவது ஃப்ரெட். ஏ செவன்த்துக்கு 5, 6. டி மைனர் செவன்த்துக்கு 3, 5. இரண்டு விரலும் படியிறங்கி வருகின்றன. ஆறு கம்பியையும் அமுக்கி முழு கார்டு பிடித்தால் இந்த இறக்கம் சத்தத்தில் அமுங்கிப்போகும். கவுன்ட் பேஸியின் குழுவில் 1937-இல் சேர்ந்த ஃப்ரெடி கிரீன், ஆம்ப்ளிஃபையர் இல்லாமல், ஓரிரு கம்பிகளை மட்டும் ஒலிக்கவிட்டே அத்தனை பெரிய குழுவையும் நடத்திச் சென்றார்.

இனி மைனர். இதில் நமக்கு ஒரு வசதி இருக்கிறது. மேளகர்த்தா வரிசையில் 20 முதல் 23 வரை பாருங்கள்: நடபைரவி, கீரவாணி, கரகரப்ரியா, கௌரிமனோகரி. நான்கிலும் ச முதல் ப வரை ஒன்றேதான். தைவதமும் நிஷாதமும் மட்டும் மாறுகின்றன. ஜாஸ்காரர்கள் இவற்றையே ஏயோலியன், ஹார்மோனிக் மைனர், டோரியன், மெலோடிக் மைனர் என்கிறார்கள். கமகம் இல்லாததால் ராகம் என்று சொல்ல முடியாது, ஸ்வரக்கட்டு அதேதான். இ செவன்த்தின்மேல் வாசிப்பவர் பலமுறை எடுப்பது ஏ-யை சட்ஜமாகக் கொண்ட கீரவாணி; நாம் துரத்திய ஜி ஷார்ப்தான் அதன் காகலி நிஷாதம். ஒரே பாட்டில் இந்த நான்கையும் மாற்றி மாற்றி வாசிப்பார்கள். கச்சேரி மேடையில் செய்தால் முன்வரிசை எழுந்து போய்விடும்!

கட்டியமே இல்லாத மைனரும் உண்டு. மைல்ஸ் டேவிஸின் 'ஸோ வாட்', 1959. 16 பார் டி டோரியன், 8 பார் இ ஃப்ளாட் டோரியன், திரும்ப 8 பார் டி. எதுவும் எதையும் கூப்பிடாது. இங்கே கேட்க வேண்டியது நிறத்தை. குறிப்பாக பி என்ற ஆறாவது ஸ்வரத்தை, அதாவது சதுஸ்ருதி தைவதத்தை. தொடக்கத்தில் பேஸுக்குப் பதில் சொல்வதுபோல பில் எவான்ஸ் பியானோவில் இரண்டு கார்டுகள் அடிப்பார். கிட்டாரில் எதையும் பிடிக்காமல், மெல்லிய கம்பியை மட்டும் விட்டுவிட்டு மற்ற ஐந்தையும் மீட்டுங்கள். இ, ஏ, டி, ஜி, பி. அவருடைய முதல் கார்டு இதுதான். உச்சியில் உட்கார்ந்திருப்பது அந்த பி. இரண்டாவது கார்டில் எல்லாமே ஒரு முழு ஸ்வரம் இறங்கும்.

இதே 32 பார் அமைப்பில் ஜான் கோல்ட்ரேன் செய்தது 'இம்ப்ரெஷன்ஸ்'. அதை வெஸ் மான்ட்கோமரி 1965-இல் நியூயார்க்கின் ஹாஃப் நோட் கிளப்பில் வாசித்த பதிவைத் தேடிப் பிடியுங்கள். பிளெக்ட்ரம் இல்லை, கட்டைவிரல்தான். 17-ஆவது பாரில் மொத்தமும் ஒரு ஃப்ரெட் மேலே நகரும். வேகத்தில் அந்த இடத்தைத் தவறவிடுவீர்கள். பரவாயில்லை, அடுத்த சுற்றில் மறுபடி வரும்.