யார் இடித்தாலும் போனஸ் போகும்

நோ க்ளெய்ம் போனஸை இன்சூரன்ஸ் விற்கிறவர்கள் இப்படித்தான் சொல்லிப் பழகிவிட்டார்கள்: ஒழுங்காக ஓட்டுகிறவருக்குப் பரிசு. போக்குவரத்து விதிமீறலையும் பிரீமியத்தோடு முடிச்சுப் போடலாம் என்று 2021 ஜனவரியில் இன்சூரன்ஸ் ஒழுங்குமுறை ஆணையமான ஐஆர்டிஏஐயின் குழு ஒன்று வரைவு தந்தது. அந்த யோசனையை ஆதரிப்பவர்களும் இந்த போனஸைத்தான் முன்மாதிரியாகக் காட்டுகிறார்கள். முன்மாதிரியே கோணல்.

நல்லதையும் சொல்லிவிடுவோம். ஐந்து வருடம் க்ளெய்ம் போடாதவருக்குச் சொந்தச் சேதத்துக்கான பிரீமியத்தில் பாதி குறைகிறது. நடுத்தரக் குடும்பத்துக்கு அது சின்னப் பணமல்ல. வண்டியை விற்றாலும் போனஸ் உரிமையாளரோடு புது வண்டிக்கு வருகிறது. கீறலுக்கெல்லாம் க்ளெய்ம் போட்டு எல்லோர் பிரீமியத்தையும் ஏற்றிவிடாமலும் அது தடுக்கிறது. சரி.

ஆனால் தப்பு யாருடையது என்று அது கேட்பதே இல்லை. புதுச்சேரிப் பக்கம் செல்லிப்பட்டுத் தெருவில் வீட்டு வாசலில் ஒரு கார் நிற்கிறது என்று வையுங்கள். உள்ளே ஆளில்லை, சாவி வீட்டு ஆணியில் தொங்குகிறது. கரும்பு ஏற்றிய டிராக்டர் ரிவர்ஸ் எடுக்கும்போது டிரெய்லரின் மூலை காரின் பின் பம்பரைப் பிளந்து, லைட்டை நொறுக்கிவிட்டுப் போகிறது. கார்க்காரர் தன் பாலிசியில் க்ளெய்ம் போட்டால், குடித்துவிட்டு மரத்தில் மோதியவருக்கும் இவருக்கும் நடுவே அந்த போனஸ் எந்த வித்தியாசமும் பார்க்காது. சொல்லப்போனால் குடித்தவரின் க்ளெய்மைக் கம்பெனி நிராகரித்துவிடும். க்ளெய்ம் கிடைத்து போனஸை இழப்பவர் நிரபராதிதான்.

எவ்வளவு போகும்? சொந்தச் சேத பிரீமியம் 12,000 ரூபாய், போனஸ் 50 சதவீதம் என்றால் அவர் கட்டுவது 6,000. க்ளெய்முக்குப் பிறகு போனஸ் பூஜ்யம். அடுத்தடுத்த வருடங்களில் 20, 25, 35, 45 என்று ஏறித்தான் மறுபடி 50க்கு வரும். வண்டியின் மதிப்புக் குறைவதை விட்டுவிட்டுக் கணக்குப் போட்டால், அந்த ஐந்து வருடத்தில் கூடுதலாகக் கட்டுவது 6,000, 3,600, 3,000, 1,800, 600. ஆக 15,000 ரூபாய். 18 சதவீத ஜிஎஸ்டியோடு 17,700. ஒர்க்‌ஷாப் பில் 14,000 என்றால், பிளாஸ்டிக் பாகங்களுக்குப் பாதி தேய்மானம், கட்டாயக் கழிவு 1,000 எல்லாம் போகக் கைக்கு வருவது அதைவிடக் குறைவு. வாங்கியதைவிடத் திருப்பிக் கட்டுவது அதிகம்.

அதனால்தான் பாலிசி விற்ற ஏஜென்ட்டே போன் கால்குலேட்டரைத் தட்டிப் பார்த்துவிட்டு, “க்ளெய்ம் வேணாம்ணே, கைக்காசு போட்டு முடிச்சுக்குங்க” என்கிறார். அவர் சொல்வது நேர்மையான ஆலோசனைதான்.

டிராக்டர்காரரின் இன்சூரன்ஸில் வாங்கிக்கொள்ளலாமே என்பார்கள். சட்டத்தில் வழி இருக்கிறது. ஆனால் அதற்குப் போலீஸ் புகார், வக்கீல், புதுச்சேரியில் மோட்டார் வாகன விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயம், வாய்தா. ஒரு பம்பருக்காக யார் ஏறி இறங்குவார்? அந்த டிராக்டருக்கு இன்சூரன்ஸ் நடப்பில் இருந்தால்தான் அதுவும்.

டிராக்டராவது ஒரு ஆள் ஓட்டியது. 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிக்கு அருகே கரை கடந்தது. ஒரே நாளில் 40 சென்டிமீட்டருக்கு மேல் மழை. வீடூர் அணைத் தண்ணீரும் சேர்ந்து சங்கராபரணி ஆற்றில் வெள்ளம். தெருவில் நின்ற வண்டிகளின் இன்ஜினுக்குள் தண்ணீர் புகுந்தது. அதற்கு க்ளெய்ம் வாங்கினாலும் விதிப்படி போனஸ் போக வேண்டியதுதான். வானத்தைத் தவிர யாரைக் குற்றம் சொல்ல?

தவறு யாருடையது என்று தீர்மானிப்பது செலவு பிடிக்கும், கம்பெனி கோர்ட் இல்லை என்பது இதற்குச் சொல்லும் சமாதானம். எனக்கு ஒப்பவில்லை. மலேசியாவில் போலீஸ் விசாரணையில் தவறு எதிராளியுடையது என்று தெரிந்தால், சொந்தக் கம்பெனியிலேயே க்ளெய்ம் வாங்கலாம். போனஸ் அப்படியே இருக்கும். கிள்ளானில் ஒரு தமிழர் பெறும் நியாயம் புதுச்சேரி வில்லியனூரில் ஏன் கிடைக்கக் கூடாது? இங்கும் சர்வேயர் வருகிறார், போட்டோ எடுக்கிறார், எப்படி நடந்தது என்று எழுதி வாங்குகிறார். அந்தத் தாளை வைத்துப் பணத்தைக் குறைக்கத் தெரிந்த கம்பெனிக்கு, அதே தாளை வைத்து போனஸைக் காப்பாற்றத் தெரியாதா?

அதற்குப் பதிலாக போனஸ் புரொடெக்‌ஷன் என்று தனி இணைப்பு விற்கிறார்கள். அடுத்தவன் தவறுக்கு நான் தண்டம் கட்டாமலிருக்க முன்கூட்டியே நானே கட்டும் தண்டம் அது. விதியில் ஓட்டையை வைத்துவிட்டு அதை அடைக்கும் துணியையும் விற்பது வியாபாரத்தில் சாமர்த்தியமாக இருக்கலாம். இதற்குப் பரிசு என்று பெயர் சூட்டக் கூடாது.

2002இன் மோட்டார் டேரிஃபில் எழுதிய அதே 20 முதல் 50 சதவீத வரிசைதான், சொந்தச் சேதக் கட்டணத்தைக் கம்பெனிகளே நிர்ணயிக்கலாம் என்று 2007இல் ஆன பிறகும் நடக்கிறது. விதிமீறலுக்குக் கூடுதல் பிரீமியம் பற்றி யோசிக்கும் ஐஆர்டிஏஐ முதலில் இதைத் திருத்தட்டும்: நின்ற வண்டியில் மோதல், பின்னாலிருந்து இடித்தது, வெள்ளம் ஆகிய மூன்றிலும் வண்டிக்காரர் மேல் தவறில்லை என்று சர்வேயர் எழுதினால் போனஸில் கை வைக்கக் கூடாது.