உட்கார முடிந்தவர்க்குத்தானா முத்தி?

தியானத்தால் முத்தி கிடைக்குமா என்பது பழைய கேள்வி. தியானம் செய்ய யாருக்கு வாய்க்கிறது என்பதை அவ்வளவாக யாரும் கேட்பதில்லை. வாலாஜாபாத்தில் நின்றுகொண்டு இரண்டாவதைக் கேட்காமல் இருக்க முடியாது. ஒரு வாரம் காலை ஷிஃப்ட், மறுவாரம் இரவு ஷிஃப்ட் என்று ஒரகடத்துக்குக் கம்பெனி பஸ் ஏறுகிறவரிடம் 'விடியற்காலையில் எழுந்து உட்காருங்கள்' என்று சொல்லிப் பாருங்கள். அவருக்கு விடியற்காலை என்பது ஜன்னல் கம்பியில் தலையைச் சாய்த்துத் தூங்கிக்கொண்டே வீடு திரும்பும் நேரம்.

தியானத்தை மோட்ச வழியாகக் கறாராக நிலைநாட்டியவரும் இந்த வட்டாரத்துக்காரர்தான். ஸ்ரீபெரும்புதூரில் 1017-இல் பிறந்த ராமானுஜர், பிரம்ம சூத்திரத்துக்குத் தாம் எழுதிய உரையான ஸ்ரீபாஷ்யத்தின் தொடக்கத்திலேயே அத்வைதிகளோடு மோதுகிறார். உபநிடத வாக்கியத்தின் பொருள் விளங்கினாலே கட்டு அறுந்துவிடும் என்பதை அவர் ஒப்பவில்லை. பொருள் விளங்கிய பிறகும் ஆள் பழையபடியேதான் உலகத்தைப் பார்க்கிறான். ஆகவே வேதாந்தம் சொல்லும் ஞானம் என்பது உபாசனம். எண்ணெய் ஒழுக்குப் போல இடையறாத நினைவு. அது முற்றி, நேரில் காண்பதற்கு ஒப்பாகும்போது அதற்குப் பக்தி என்று பெயர். உயிர் பிரியும் நாள்வரை அதை விடாமல் செய்ய வேண்டும். தெரிந்துகொள்வது வேறு, மாறுவது வேறு என்ற இந்தப் பிடி இன்றைக்கும் தளரவில்லை.

பிரம்ம சூத்திரத்தின் நான்காம் அத்தியாயத்துக்கு அவர் எழுதிய உரை ஆச்சரியப்படும் அளவுக்கு நடைமுறை சார்ந்தது. தியானத்தை உட்கார்ந்துதான் செய்ய வேண்டும். நிற்பதற்கும் நடப்பதற்கும் முயற்சி வேண்டும், படுத்தால் தூக்கம் வந்துவிடும். இடம் எதுவானாலும் சரி, மனம் ஒன்றினால் போதும். ஆனால் இடத்தில் காட்டிய தாராளம் ஆளில் இல்லை. வேத உபாசனத்துக்குச் சூத்திரர்களுக்குத் தகுதியில்லை என்ற பழைய முடிவை ஸ்ரீபாஷ்யமும் ஏற்றுக்கொள்கிறது. திருக்கோஷ்டியூர்க் கோபுரத்தில் ஏறி அவர் மந்திரத்தை ஊரறியச் சொன்ன கதையை மேடைதோறும் கேட்கிறோம். இந்தப் பகுதியைப் பற்றி எந்த மேடையிலும் பேச்சு எழுவதில்லை.

அந்தத் தடையைத் தாண்டியவர்களில் ஒருவர் வேதாத்திரி மகரிஷி. வண்டலூரை அடுத்த கூடுவாஞ்சேரியில் 1911-இல் நெசவாளர் வீட்டில் பிறந்தவர். துறவு வேண்டாம், சாதி கேட்க மாட்டோம், சமஸ்கிருதம் தெரிய வேண்டியதில்லை. குடும்பத்தோடு இருந்தே குண்டலினி யோகம் பயிலலாம் என்றார். 1958-இல் உலக சமுதாய சேவா சங்கத்தைத் தொடங்கினார். முன்பு பல ஆண்டு காத்திருந்து பெற்ற தீட்சையை, ஆசிரியர் புருவமத்தியைத் தொட்டு முதல் வகுப்பிலேயே கொடுப்பது அவர் வகுத்த மனவளக்கலை. தறியையும் லேத்தையும் விட்டுவிட முடியாதவர்களுக்கு இது சாதாரணக் கொடை இல்லை.

குறையும் அங்கேயே இருக்கிறது. வழியைச் சுருக்கியபோது சேருமிடமும் சுருங்கிவிட்டது. அரை மணி நேரத் தவத்தில் கிடைக்கும் இதத்தைப் பிரம்ம நிலை என்று நினைத்துக்கொள்வது எளிது. வேதாத்திரியின் காந்தத் தத்துவத்தை அறிவியல் என்று நீட்டுவதையும் ஏற்க முடியவில்லை. சோதனைக்கு உட்படாத ஒன்றுக்கு இயற்பியலின் சட்டையை மாட்டியிருக்கிறார்கள். அவருடைய அசலான பங்களிப்பு அகத்தாய்வுதான் என்பேன். யார் மேல் அடிக்கடி கோபம் வருகிறது, எதனால் வருகிறது என்று நோட்டில் பெயர் போட்டு எழுதச் சொல்கிறார்கள். மனைவி பெயர், சூப்பர்வைசர் பெயர், பாகம் பிரிக்காத அண்ணன் பெயர். கண்ணை மூடினால் தப்பித்துப்போகும் விஷயங்கள் தாளில் மாட்டிக்கொள்கின்றன.

இதற்கெல்லாம் முன்பே காஞ்சியில் ஒரு மறுப்பு எழுந்துவிட்டது. சாகும்போது எதை நினைக்கிறோமோ அதையே அடைகிறோம் என்கிறது கீதை. அப்படியானால் ஆயுள் முழுக்கத் தியானம் செய்தவர் கடைசியில் நினைவிழந்து கிடந்தால் என்ன கதி? இன்று வென்டிலேட்டரில் இருப்பவருக்கும் இதே கேள்விதான். பூவிருந்தவல்லித் திருக்கச்சி நம்பி, காஞ்சி வரதராஜப் பெருமாளுக்கு ஆலவட்டம் வீசியவர். ராமானுஜருக்காக அவர் வரதரிடம் கேட்டுப் பெற்றதாகக் குருபரம்பரை சொல்லும் ஆறு வார்த்தைகளில் ஒன்று, அந்திம நினைவு தேவையில்லை என்பது. இன்னொன்று, சரணாகதியே உபாயம் என்பது. நினைக்கும் பொறுப்பு பக்தனிடமிருந்து பெருமாளுக்கு மாறுகிறது. தியானத்தின் மீது வந்த விமர்சனங்களில் இதைவிட ஆழமானதை நான் படித்ததில்லை. முத்தியை ஒருவரின் ஓய்வு நேரத்திலிருந்தும் உடல் வலுவிலிருந்தும் கழற்றி எடுத்துவிட்டது இது.

கடைசி மூச்சுக்குப் பொறுப்பேற்ற வரதர், அன்றாடக் கோபத்துக்கு ஏற்கவில்லை போலிருக்கிறது. மாட்டுப் பொங்கலன்று அவர் வாலாஜாபாத் வழியாகப் பழையசீவரத்துக்குப் பார்வேட்டை போகிறார். வழியெங்கும் மண்டகப்படி, தேங்காய், கற்பூரம். அவர் சன்னிதியிலோ, பிரபந்தம் ஓதும் உரிமை யாருக்கு என்று வைணவத்தின் இரு பிரிவினரான வடகலையாரும் தென்கலையாரும் வெள்ளைக்காரன் காலத்திலிருந்து கோர்ட்டு ஏறுகிறார்கள். இரு தரப்பும் சரணடைந்தவர்கள்தான். கூடுவாஞ்சேரிக்காரரின் நோட்டை முதலில் அங்கே கொடுக்கலாம்.