ரேடார் எட்டாத உயரம்: அப்ரோச் கண்ட்ரோலும் சேலத்து வானமும்

விமான நிலையத்தைச் சுற்றியுள்ள வான்வெளியை மூன்று பிரிவினர் பங்கிட்டுக் கவனிக்கிறார்கள். ஓடுபாதையும் அதை ஒட்டிய சில கிலோமீட்டரும் டவரின் பொறுப்பு. ஊர்விட்டு ஊர் செல்லும் நெடும்பாதைகள் ஏரியா கண்ட்ரோலின் பொறுப்பு. இவ்விரண்டுக்கும் நடுவில் இறங்கி வரும் விமானங்களை வரிசைப்படுத்தி ஓடுபாதைக்கு நேரே கொண்டுவருவதும், ஏறிப்போகும் விமானங்கள் அவற்றுக்குக் குறுக்கே வராமல் பார்த்துக்கொள்வதும் அப்ரோச் கண்ட்ரோலின் வேலை. சென்னையிலும் பெங்களூரிலும் ரேடார் திரை இல்லாமல் இந்த வேலை ஒரு நாளும் நடக்காது. அதே முறை சேலம், நாமக்கல் சமவெளிக்கு எவ்வளவு பயன்படும் என்பதற்கு விடை அத்தனை எளிதல்ல.

ரேடார் இல்லாத இடத்தில் கட்டுப்பாட்டாளருக்கு விமானம் தெரியாது. விமானி சொல்லும் இடத்தையும் நேரத்தையும் கேட்டு, மனக்கணக்கில்தான் அவர் வானத்தை வரைந்துகொள்கிறார். ஆகவே இடைவெளியைத் தாராளமாக விடவேண்டியிருக்கிறது. ஒரே உயரத்தில், ஒரே பாதையில் ஒன்றன்பின் ஒன்றாக வரும் இரண்டு விமானங்களுக்கு இடையே வழக்கமாகப் பத்து நிமிடம். 250 நாட் வேகத்தில் அது 40 கடல்மைலுக்கு மேல். ரேடார் வந்ததும் இது 5 கடல்மைலாகவும், நெரிசல் மிகுந்த நிலையங்களில் 3 கடல்மைலாகவும் சுருங்குகிறது. இடையில் மேகமோ தாமதமோ வந்தால், இந்தத் திசையில் திரும்பு, இந்த வேகத்துக்குக் குறை என்று சொல்லி வரிசையை அந்த நொடியிலேயே மாற்றலாம். முறையின் பெரும் பலம் இதுவே: ஒரே ஓடுபாதையில் பல மடங்கு விமானங்கள் இறங்க முடிகிறது.

எல்லா ரேடாரும் ஒன்றல்ல. முதல்நிலை ரேடார் விமானத்தில் பட்டுத் திரும்பும் அலையை மட்டும் காட்டும். புள்ளி தெரியும், உயரம் தெரியாது. இரண்டாம்நிலை ரேடார் கேள்வி அனுப்ப, விமானத்தில் உள்ள டிரான்ஸ்பாண்டர் தன் நான்கிலக்கக் குறியெண்ணையும் உயரத்தையும் பதிலாகத் தரும். இந்த வேறுபாட்டின் விலையை இந்தியா 1996 நவம்பர் 12 அன்று கொடுத்தது. ஹரியானாவின் சர்க்கி தாத்ரி அருகே சவுதி விமானமும் கஜகஸ்தான் விமானமும் நடுவானில் மோதி 349 பேர் இறந்தார்கள். கஜகஸ்தான் விமானம் தனக்குச் சொல்லப்பட்ட 15,000 அடிக்குக் கீழே இறங்கிவிட்டது. டெல்லி அப்ரோச்சில் அன்று பயன்பாட்டில் இருந்த திரை அந்த உயரத்தைக் காட்டவில்லை. வருகிற விமானமும் போகிற விமானமும் ஒரே பாதையைப் பகிர்ந்துகொண்டதும் ஒரு காரணம். அதன் பிறகுதான் தனித்தனிப் பாதைகளும், இரண்டாம்நிலை ரேடாரும், விமானத்துக்குள் மோதல் எச்சரிக்கைக் கருவியும் இங்கே கட்டாயமாயின. ரேடார் இருப்பதாலேயே பாதுகாப்பு வந்துவிடாது என்பதற்கு இதைவிடக் கடுமையான சான்று தேவையில்லை.

முறையின் குறைகளும் அதன் பலத்தோடு பிறந்தவையே. இடைவெளி சுருங்கச் சுருங்க, பிழைக்குக் கிடைக்கும் நேரமும் சுருங்குகிறது. எல்லா உத்தரவும் ஒரே அலைவரிசையில் குரல் வழியாகப் போவதால், இருவர் ஒரே நேரத்தில் பேசினால் இருவர் சொன்னதும் கெட்டுப்போகும். திரைக்குப் பழகிய கட்டுப்பாட்டாளரிடம் மனக்கணக்குத் திறமை மங்கிவிடுகிறது. திரை அணைந்தால் தேவைப்படுவது அந்தத் திறமைதான். பல நிலையங்களின் வேலையை ஒரே கூடத்தில் குவிப்பது இந்த ஆபத்தைப் பெருக்குகிறது. அமெரிக்காவில் நியூவார்க் நிலையத்தின் அப்ரோச் பணி 2024 ஜூலையில் நியூயார்க்கிலிருந்து பிலடெல்பியாவுக்கு மாற்றப்பட்டது. 2025 ஏப்ரல் 28 அன்று தகவல் இணைப்பு அறுந்து, ஏறத்தாழ 90 நொடி திரையும் இல்லை, குரலும் இல்லை. அதே ஆண்டு நவம்பரில் டெல்லியில் பழுதானது ரேடார்கூட அல்ல, பயணத்திட்டங்களைக் கடத்தும் செய்தி அமைப்பு. அதற்கே நூற்றுக்கணக்கான விமானங்கள் தாமதமாயின.

சேலம் விமான நிலையம் ஓமலூரை அடுத்த காமலாபுரத்தில் இருக்கிறது. ஓடுபாதை 1,806 மீட்டர். 2018இல் சிறு நகர விமானச் சேவைக்கான உடான் திட்டத்தில் சென்னைக்குத் தொடங்கிய சேவை 2021இல் நின்றது. 2023 அக்டோபரில் மீண்டும் விமானங்கள் வந்தன. வருவது ஏடிஆர் போன்ற சிறிய விமானங்கள், நாளுக்கு விரல்விட்டு எண்ணும் அளவில். இங்கே ரேடார் அப்ரோச் கூடம் கிடையாது. ஆனால் மேலே வானம் வெறுமையாக இல்லை: சென்னைக்கும் கோவைக்கும் இடையே நேர்கோடு போட்டால் அது சேலத்தின் மேல்தான் போகும், பெங்களூரு, மதுரை கோடும் அருகிலேயே.

மேலே பறப்பவற்றைத் தொலைவிலுள்ள ரேடார்கள் நன்றாகவே காண்கின்றன. சிக்கல் கீழே. கோவை விமான நிலையம் நேர்த்தொலைவில் ஏறத்தாழ 140 கிலோமீட்டர். அங்கே நின்று பார்க்கும் எந்த ரேடாருக்கும் பூமியின் வளைவே குறுக்கே நிற்கும். காமலாபுரத்தில் தரையிலிருந்து ஏறக்குறைய 4,000 அடிக்குக் கீழே பறப்பது தெரியாது. திருச்சியிலிருந்து பார்ப்பது இன்னும் மோசம், நேர்கோட்டில் கொல்லிமலை எழுந்து நிற்கிறது. அந்த மலையின் நிழல் சேலத்தை எட்டும்போது கடல்மட்டத்திலிருந்து 9,000 அடி அளவுக்கு உயர்ந்துவிடும். விமான நிலையத்துக்குக் கிழக்கே பதினைந்து கிலோமீட்டரில் சேர்வராயன் மலை 5,300 அடி. மலைக்கு மேல் குறைந்தது 1,000 அடி இடைவெளி விடவேண்டும் என்பது விதி. ஆகவே அந்தப் பக்கம் 6,300 அடிக்குக் கீழே விமானத்தைத் திருப்பிவிட ரேடார் கட்டுப்பாட்டாளருக்கு உரிமையே இல்லை. மூடுபனிக் காலையில் விமானிக்கு உதவி மிகவும் தேவைப்படும் கடைசி சில ஆயிரம் அடியில்தான் தொலைதூர ரேடார் குருடாகிறது.

இதற்கு மாற்றாகச் சொல்லப்படுவது ஏடிஎஸ்-பி. விமானம் தன் ஜிபிஎஸ் இடத்தைத் தானே அறிவிக்க, தரையில் ஒரு ஏற்பி அதை வாங்கிக்கொள்ளும். சுழலும் ஆன்டெனா வேண்டாம், செலவும் சிறு பங்கு. கோவை, திருச்சி உட்பட இந்தியாவில் பல இடங்களில் இவை நிறுவப்பட்டுள்ளன. சேர்வராயன் மலையிலுள்ள ஏற்காட்டில் ஒன்றும் கொல்லிமலையில் ஒன்றும் வைத்தால், இன்று தடையாக நிற்கும் மலைகளே கண்காணிப்புக் கோபுரங்களாகும். இதிலும் ஒரு பலவீனம் உண்டு: ஜிபிஎஸ் சமிக்ஞையைக் குலைத்தால் விமானம் தவறான இடத்தையே அறிவிக்கும். அதனால் ரேடாரை முற்றிலும் கைவிடச் சொல்பவர்கள் அவசரப்படுகிறார்கள்.

இரண்டு விமானங்கள் சேர்ந்து வராத நிலையத்துக்கு 3 கடல்மைல் இடைவெளியால் லாபம் இல்லை. அப்படிப்பட்ட இடத்தில் ரேடார் கூடம் கட்டுவது பெருமைக்கான செலவு. சேலத்துக்கு இப்போது வேண்டியது மலைமேல் ஏற்பிகளும், அவற்றின் தகவலைக் காணும் ஒரு திரையும், திரை அணைந்தாலும் மனக்கணக்கில் வழிநடத்தத் தெரிந்த கட்டுப்பாட்டாளரும், மழைமேகத்திலும் இறங்க உதவும் கருவிவழிப் பாதையும்தான். ஓடுபாதை நீண்டு பெரிய ஜெட்கள் வரத் தொடங்கும் நாளில் ரேடார் பற்றிப் பேசலாம். அதுவரை அந்தப் பணத்தை இவற்றுக்குச் செலவிடுவதே சரி.